நிஞ்ஜா ஃபுடி ஓபி300: திரும்பப் பெறப்பட்ட குக்கரும், அதற்கு ஈடாகத் தரப்படும் மூடியும்

ஷார்க்நிஞ்ஜா நிறுவனத்தின் ஃபுடி ஓபி300 வரிசை மின்சாரப் பிரஷர் குக்கர்களை, ஏறத்தாழ 18 லட்சம் எண்ணிக்கையில், திரும்பப் பெறுவதாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 மே 1 அன்று அறிவித்தது. கனடாவில் விற்ற 1,84,240 குக்கர்களுக்கும் இது பொருந்தும். அழுத்தத்தில் சமைத்துக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்துவிட முடிகிறது என்பதும், அப்போது உள்ளே கொதிப்பது வெளியே பாய்கிறது என்பதும்தான் காரணம். அறிவிப்பு வந்த நாள்வரை 106 பேர் வெந்துபோனதாக நிறுவனத்துக்குப் புகார்கள் வந்திருந்தன. அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை முகத்திலோ உடம்பிலோ ஏற்பட்ட இரண்டாம், மூன்றாம் நிலைத் தீக்காயங்கள். 26 வழக்குகளும் தொடரப்பட்டிருந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சமையலறைகளிலும் இந்தக் குக்கர் இருக்கக்கூடும் என்பதால், பொருளையும் அதற்கு நிறுவனம் செய்யும் பரிகாரத்தையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

பொருளாகப் பார்த்தால் இது நல்ல யோசனையில் பிறந்தது. ஆறரை குவார்ட், அதாவது ஆறு லிட்டருக்குச் சற்று அதிகமான கொள்ளளவு. மூடிகள் இரண்டு. ஒன்று கீலில் பொருத்தப்பட்டு, எண்ணெய் அதிகமில்லாமல் மொறுமொறுப்பாக வறுக்க உதவுவது. மற்றது தனியாகக் கழற்றி மாட்டும் பிரஷர் மூடி. கோழியை வேகவைத்து, அதே பாத்திரத்தில் மேல்புறத்தைச் சிவக்க வறுத்தெடுக்கலாம் என்பதே இதன் கவர்ச்சி. சுமார் 200 டாலர் விலையில் 2019 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை, வால்மார்ட், காஸ்ட்கோ, டார்கெட், அமேசான் போன்ற பெருங்கடைகளில் எல்லாம் விற்றது. ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக விற்ற ஒரு பொருளைப் பற்றிய எச்சரிக்கை விற்பனை முடிந்த பிறகே மக்களை எட்டியிருக்கிறது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

குக்கர் மூடிக்கு இருக்கும் முதல் கடமை, உள்ளே அழுத்தம் இருக்கும்வரை திறக்காமல் இருப்பது. கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், அடுப்பில் வைக்கும் சாதாரணக் குக்கருக்குள் 120 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இருக்கும். மின்சாரக் குக்கர்கள் பொதுவாக இதைவிடக் குறைந்த அழுத்தத்தில் இயங்கினாலும், அவற்றிலும் நீர் 100 டிகிரியைத் தாண்டியே நிற்கிறது. மூடி விலகி அழுத்தம் சட்டென்று இறங்கினால், அந்தக் கூடுதல் வெப்பம் முழுவதும் நீரின் ஒரு பகுதியை நொடியில் ஆவியாக்கிவிடும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஆவி, மேலே கிடக்கும் சாம்பாரையோ சூப்பையோ தூக்கிக்கொண்டுதான் வெளியேறும். பருப்புக் குழம்பு போன்ற கெட்டியான உணவு தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும் என்பதால், வெந்நீர் பட்டதைவிடக் காயம் ஆழமாகும். மூடியைத் திறப்பவர் குனிந்து நிற்பதால் முகமும் மார்பும் கைகளுமே முதலில் அகப்படுகின்றன.

நம் வீடுகளில் புழங்கும் ஹாக்கின்ஸ் குக்கரில், மூடி பாத்திரத்தின் வாய்க்குள் நுழைந்து உட்புறத்திலிருந்து மேல்நோக்கிப் பொருந்துகிறது. அழுத்தம் ஏற ஏற மூடி இன்னும் இறுகுமே தவிர விலகாது. மின்சாரக் குக்கர்களின் மூடியோ வெளியே திருகிப் பூட்டுவது. அழுத்தம் ஏறும்போது ஒரு சிறிய ஊசி மேலெழுந்து, மூடியைத் திருக முடியாதபடி தடுக்கவேண்டும். விசில் எண்ணிச் சமைத்துப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: இதில் விசில் சத்தம் இல்லை. அடுப்படியில் காது செய்துவந்த வேலையைக் கண் செய்யவேண்டும். அப்படியிருக்க, பூட்டு தன் வேலையைச் செய்யாவிட்டால், சமைப்பவரின் கவனக்குறைவு என்று பழியை அவர்மீது போடுவதை நான் ஏற்கமாட்டேன். அவசரத்தில் யாரும் மூடியைத் திருகிப் பார்ப்பார்கள். அந்த அவசரத்தை எதிர்பார்த்துத்தான் பூட்டையே வைக்கிறார்கள்.

பரிகாரமாக நிறுவனம் புதிய பிரஷர் மூடியை இலவசமாகத் தருகிறது. அது கைக்கு வரும்வரை பிரஷர் சமையலை அறவே நிறுத்தவேண்டும். வறுப்பது முதலான மற்ற வசதிகளைப் பயன்படுத்தலாம். பிரஷர் மூடி இந்த மாடலில் தனி உறுப்பு என்பதால், குறையுள்ள உறுப்பை மட்டும் மாற்றுவது பொருத்தமான ஏற்பாடுதான். 2020 நவம்பரில் சன்பீம் நிறுவனமும் தன் கிராக்-பாட் எக்ஸ்பிரஸ் குக்கர்கள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு இதையே செய்தது. அங்கே மூடி முழுதாகப் பூட்டாத நிலையிலும் அழுத்தம் ஏறியது, 99 பேர் காயமடைந்தனர். ஆனால் பெல்லா, க்ரக்ஸ் உள்ளிட்ட பெயர்களில் விற்ற குக்கர்களை 2023 ஆகஸ்டில் திரும்பப் பெற்ற சென்சியோ நிறுவனம் பணத்தையே திருப்பித் தந்தது. என் பார்வையில் அதுவே முறை. ஒருமுறை பயந்துபோனவர்கள் அதே குக்கரில் மீண்டும் சமைக்கத் தயங்குவது இயல்பு. மூடியா பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை ஷார்க்நிஞ்ஜா அவர்களுக்குத் தந்திருக்கவேண்டும். இந்த ஒரு குறைக்காகவே பரிகாரத்துக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண்தான் தருகிறேன். குக்கருக்கு, பழைய மூடியோடு இருக்கும்வரை, மதிப்பெண்ணே கிடையாது.

உங்களிடம் இருப்பது இந்த வரிசைதானா என்பதைக் குக்கரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள். ஓபி300, ஓபி301, ஓபி301ஏ, ஓபி302, ஓபி305, ஓபி350சிஓ ஆகியவையும், ஓபி302, ஓபி305 எண்களுக்குப் பின்னால் வேறு எழுத்துகள் சேர்ந்த சில மாடல்களும் பட்டியலில் உள்ளன. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். புதிய மூடி வந்ததும் பழையதை உதிரியாக எடுத்து வைக்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால், ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மாவோ மாமியாரோ எது கைக்குக் கிடைக்கிறதோ அதைத்தான் மாட்டுவார்கள். திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம் என்றாலும், வீட்டு வாசலில் நடக்கும் பழைய சாமான் விற்பனையில் எல்லாரும் மாடல் எண்ணைச் சரிபார்ப்பதில்லை. அங்கே மலிவாக ஒரு ஃபுடி கண்ணில் பட்டால், விலையைக் கேட்பதற்கு முன் அந்தச் சீட்டைப் படியுங்கள். ஓபி300 வரிசை என்றால், மூடி மாற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாதவரை வாங்காதீர்கள்.