என்எஃப்எஸ்ஸில் பிடிஆர்எஃப்எஸ்: இல்லாத லூப்பை இருக்கு என்று சொல்லும் எச்சரிக்கை

பிடிஆர்எஃப்எஸ் (லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களில் ஒன்று) டிஸ்க் போட்ட லினக்ஸ் சர்வரை என்எஃப்எஸ் (வேறொரு கம்ப்யூட்டரின் கோப்புகளை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறை) வழியாகப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். வேகத்தில் குறை இல்லை. கோப்புகள் ஒரு கணத்தில் இருந்த நிலையை அப்படியே பதிந்து வைக்கும் ஸ்நாப்ஷாட் வசதி பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இந்த இரண்டும் சேரும் இடத்தில் ஒரு எச்சரிக்கை வரும். அதை அப்படியே நம்பினால் நல்ல டிஸ்க்கையே கெடுத்துக்கொள்ள நேரிடும்.

கிளையண்டில், அதாவது சர்வரை அணுகும் கம்ப்யூட்டரில், கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கமாண்டை ஓட்டினால், 'ஃபைல் சிஸ்டம் லூப் டிடெக்டட்' என்று சொல்லி ஸ்நாப்ஷாட் ஃபோல்டரின் வாசலிலேயே நின்றுவிடும். கோப்புகள் பிடிக்கும் இடத்தைக் கணக்கிடும் டியூ கமாண்ட் இன்னும் ஒரு படி மேலே போய், ஃபைல் சிஸ்டம் அநேகமாகக் கெட்டுவிட்டது என்றே சொல்லும். இதைப் பார்த்துப் பயந்து, பழுதுபார்க்கும் கமாண்டான 'பிடிஆர்எஃப்எஸ் செக் ரிப்பேர்' பக்கம் போகாதீர்கள். விவரம் தெரிந்தவர் சொன்னால் ஒழிய அதை ஓட்ட வேண்டாம் என்று அதன் மேனுவலே எச்சரிக்கிறது.

நடப்பது இதுதான். ஃபைண்ட் உள்ளே இறங்கும்போது, கடந்து வந்த டைரக்டரிகளின் டிவைஸ் எண்ணையும் ஐநோடு எண்ணையும் (ஃபைல் சிஸ்டத்துக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் டைரக்டரிக்கும் உள்ள அடையாள எண்) நினைவில் வைத்துக்கொள்ளும். அதே ஜோடி உள்ளே மறுபடி வந்தால், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வந்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிடும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் எந்த சப்வால்யூமை (ஒரே டிஸ்க்குக்குள் தனி மரமாக இருக்கும் பகுதி) எடுத்தாலும் அதன் தலை டைரக்டரிக்கு ஐநோடு எண் 256தான். ஸ்நாப்ஷாட்டும் ஒரு சப்வால்யூம், அதற்கும் 256. சர்வரில் ஒவ்வொன்றுக்கும் தனி டிவைஸ் எண் இருப்பதால் குழப்பம் வராது. என்எஃப்எஸ் வழியாகப் போகும்போது எல்லாம் ஒரே எஃப்எஸ்ஐடிக்குள் (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) அடங்கிவிடும். அதனால் கிளையண்டுக்கு அப்பாவும் பிள்ளையும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள். 2021-ல் நீல் பிரவுன் இதைச் சரிசெய்ய பேட்ச் அனுப்பியபோது, லினக்ஸ் டெவலப்பர்களிடையே நீண்ட விவாதமே நடந்தது.

சந்தேகம் வந்தால் மேலே உள்ள டைரக்டரி, ஸ்நாப்ஷாட் டைரக்டரி இரண்டுக்கும் இந்த எண்களைக் காட்டும் ஸ்டாட் கமாண்டைக் கொடுத்துப் பாருங்கள். கிளையண்டில் டிவைஸ், ஐநோடு இரண்டும் ஒன்றாக இருந்து, சர்வரில் டிவைஸ் எண் மட்டும் வேறாக இருந்தால் எச்சரிக்கை பொய். சர்வரிலும் இரண்டும் ஒன்றாகவே இருந்தால், எங்காவது பைண்ட் மவுண்ட் (ஒரு டைரக்டரியையே இன்னொரு இடத்திலும் தெரிய வைப்பது) போட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

எச்சரிக்கை பொய் என்றாலும் அதன் விளைவு பொய்யல்ல. ஃபைண்ட் அந்த ஃபோல்டரைத் தாண்டிப் போய்விடும். அதை நம்பி ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டில் ஒரு சப்வால்யூம் முழுக்க விடுபடலாம். எரர் அவுட்புட்டை டெவ்நல்லுக்கு (போவதெல்லாம் காணாமல் போகும் இடம்) அனுப்பி வைத்திருந்தால் யாருக்கும் தெரியவும் தெரியாது. எனக்கு இதில் உண்மையான கவலை இதுதான்.

நீண்ட நாளாக எனக்குச் சரியாக இருக்கும் ஏற்பாடு: ஒவ்வொரு சப்வால்யூமையும் சர்வரில் 'சப்வால்' ஆப்ஷனோடு தனியாக மவுண்ட் செய்து, எதை எதைப் பகிர்வது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் தனி வரியும் தனி எஃப்எஸ்ஐடி எண்ணும் கொடுப்பது. பூஜ்யம் என்எஃப்எஸ் 4-ன் ரூட்டுக்கு உரியது, அதை விட்டுவிடுங்கள். கிளையண்டிலும் தனித்தனியாகவே மவுண்ட் செய்கிறேன். ஸ்நாப்ஷாட்களை எக்ஸ்போர்ட் ஆகும் மரத்துக்கு வெளியே வைத்துவிட்டேன். அதன் பிறகு ஃபைண்டும் டியூவும் அமைதியாக ஓடுகின்றன.

இதிலும் ஒரு சிரமம் உண்டு. புதிதாக சப்வால்யூம் உருவாக்கும் ஒவ்வொரு முறையும் எஃப்எஸ்டேப் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு), எக்ஸ்போர்ட்ஸ் இரண்டிலும் கை வைக்க வேண்டும். அடிக்கடி சப்வால்யூம் உருவாக்குகிறவர்களுக்கு இது தோதுப்படாது. நாலைந்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம்.