ஸ்மோக் டெஸ்ட் "பாஸ் பண்ணித் தாறம்" என்பவர்களிடம் டீசல் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் லொறி, பஸ், வேன் என்று பழைய டீசல் வாகனம் வைத்திருப்பவர்கள் இதைக் கடைசி வரை வாசியுங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு வருகிற வாகனங்களை வாசலில் நின்று பிடித்து, "பாஸ் பண்ணித் தாறம்" என்று கராஜுக்குக் கொண்டுபோகிற ஆட்கள் இருக்கிறார்கள். செய்யாத வேலைக்குக் காசு வாங்குவார்கள். எஞ்சினுக்குப் போகும் டீசலைக் குறைத்துவிட்டு சான்றிதழ் எடுத்துத் தருவார்கள். எங்கள் லொறிக்கு இதைத்தான் செய்தார்கள். போன காசு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த லொறி அரிசி மூட்டையோடு லுணுகலை ஏற்றத்தில் பின்னுக்கு உருளப் பார்த்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கராஜின் பெயரை எழுதவில்லை. அவர்கள் தந்தது பெயரோ முத்திரையோ இல்லாத ஒரு கொப்பித்தாள். அதை வைத்துக்கொண்டு பெயர் எழுதினால் பிரச்சினை எனக்குத்தான் வரும். ஆனால் அவர்கள் செய்கிற விதத்தை விளக்கமாகச் சொல்கிறேன். அது தெரிந்தால் போதும்.

எங்களுடையது பத்தரை அடி இசுசு எல்ஃப், பழசு. இங்கிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு செங்கலடிச் சந்தியில் திரும்பி, கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குப் போகும். திரும்பும்போது கரட், லீக்ஸ், போஞ்சி என்று மரக்கறி வரும். மகாஓயா வரை பாதை சும்மா நேராகக் கிடக்கும். பிபிலை தாண்டினால்தான் லொறியின் உண்மையான நிலைமை தெரியும்.

புகைச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான உத்தரவுப்பத்திரம் (நாங்கள் லைசன்ஸ் என்பது இதைத்தான்) தரமாட்டார்கள். ஒன்லைனில் எடுத்தாலும் அதே கதைதான். லொறி என்றபடியால் வாகனம் ஓடத் தகுதி என்று தருகிற ஃபிட்னஸ் சான்றிதழும் வேண்டும், இன்சூரன்ஸும் வேண்டும். லைசன்ஸ் முடிகிற திகதி கிட்ட வர வர மனிசனுக்கு அவசரம் கூடும். வாசலில் நிற்கிற ஆட்கள் பிழைப்பது அந்த அவசரத்தில்தான்.

டீசல் வாகனத்துக்குச் செய்கிற பரிசோதனை சிக்கலானது இல்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது சைலன்சர் பைப்புக்குள் ஒரு குழாயை விடுவார்கள். நியூட்ரலில் வைத்து அக்சிலேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதிப்பார்கள். வருகிற புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று கருவி அளக்கும். இப்படிச் சில தடவை செய்து, கிடைத்த அளவையும் அனுமதிக்கப்பட்ட அளவையும் தாளில் அடித்துத் தருவார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். லொறியில் பாரம் இல்லை, லொறி ஓடவும் இல்லை. நின்ற இடத்தில் எஞ்சின் மட்டும்தான் உறுமுகிறது. இழுவை போன லொறியும் இந்தப் பரிசோதனையில் அழகாகப் பாஸ் ஆகும்.

எங்கள் லொறி ஃபெயில். அதில் எனக்கு எந்த மனவருத்தமும் இல்லை. கறுப்பாகப் புகைத்தது உண்மை, நிலையத்தில் இருந்த பொடியன்கள் கருவி காட்டியதைத்தான் அடித்துத் தந்தார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் அந்த ஆள் வந்தான். மரியாதையான கதை.

"அண்ணன், நொசில் நாலும் முடிஞ்சி. பம்பும் ஒருக்காப் பாக்கணும். நம்மட கராஜ் இந்தக் கிட்டத்தான். பின்னேரம் குடுக்கலாம், நாளைக்குப் பாஸ் பண்ணித் தாறம். உள்ளுக்கும் நமக்கு ஆக்கள் இருக்கு."

நொசில் என்பது எஞ்சினுக்குள் டீசலை விசிறுகிற சாமான், அதற்கு டீசலை அனுப்புவது பம்ப். பொனட்டைத் திறக்காமல், எஞ்சினைப் பார்க்காமல், நாலு நொசிலும் போய்விட்டது என்று ஒருவன் சொல்கிறான் என்றால் அவனோடு அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. "உள்ளுக்கு ஆக்கள்" என்பதும் அவன் சொன்ன கதைதான். நிலையத்தில் இருப்பவர்களுக்கு ஒரு ரூபா போனதாக நான் காணவில்லை. லொறி பாஸ் ஆன விதத்தைப் பார்த்தால் அப்படிப் போகத் தேவையும் இருந்திருக்காது. அந்த வேலையை ஒரு ஸ்பனர் செய்திருந்தது.

நாலு புது நொசில், பம்ப் சேர்விஸ், கூலி, அப்புறம் "உள்ளுக்கு" என்று எல்லாம் சேர்த்து 73,000 ரூபா வாங்கினார்கள். பழைய நொசில்களைக் கேட்டதற்கு, "அதை இரும்புக்குப் போட்டாச்சி அண்ணன்" என்றார்கள். அடுத்த நாள் லொறி பாஸ். தாளில் அடித்திருந்த அளவு, விதித்த அளவுக்கு எவ்வளவோ கீழே. லைசன்ஸும் கைக்கு வந்தது.

பிறகு வழமைபோல அரிசி ஏற்றினோம். லொறியை மச்சான் ஓடினார், நானும் கூடப் போனேன். பிபிலைக்கு முன்னமே அவர் சொல்லிவிட்டார், "மச்சான், லொறி இழுக்குதில்ல." தட்டையான பாதையிலேயே ஒரு கியர் குறைத்துத்தான் போகவேண்டியிருந்தது. லுணுகலை ஏற்றத்தில் முதலாம் கியருக்கு வந்தும் ஒரு வளைவில் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மச்சான் பிரேக்கில் ஏறி நிற்கிறார், கை பிரேக்கையும் இழுத்துப் பிடித்திருக்கிறார், அப்படியும் மூட்டைப் பாரம் லொறியைப் பின்னுக்கு இழுக்கிறது. பின்னால் ஒரு பஸ், அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உதவிக்கு வந்த தம்பி குதித்து ஓடி, பின் டயருக்குக் கட்டை வைத்தான். முதல் வைத்த கட்டை வழுக்கி விலகியது. வீதியோரக் கல் ஒன்றைத் தூக்கி வந்து வைத்த பிறகுதான் லொறி அசையாமல் நின்றது. பஸ் டிரைவர் இறங்கி வந்து ஏசினார். அவர் ஏசியதில் ஒரு பிழையும் இல்லை.

கொஞ்ச மூட்டையை வேறொரு லொறிக்கு மாற்றி ஏற்றித்தான் பசறை போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து கராஜுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

"அது டெஸ்டுக்காகக் குறைச்சதுதானே அண்ணன். எல்லாரும் அப்படித்தான் செய்யிற. இஞ்ச கொண்டு வாங்க, திரும்பக் கூட்டி விடுறம். ஒரு எட்டாயிரம் வரும்."

குறைத்ததற்கும் காசு, கூட்டுவதற்கும் காசு. குறைத்ததை வாகனக்காரனுக்குச் சொல்லவே இல்லை. மலைப்பாதையில் ஓடுகிற லொறி என்று அவர்களுக்குத் தெரியும், லொறி கராஜில் நிற்கும்போது பதுளைக்குப் போய்வருவதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு இருந்தோம்.

அங்கே திரும்பிப் போகவில்லை. ஏறாவூரில் டீசல் பம்ப், நொசில் வேலை மட்டும் செய்கிற ஒரு நானா இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "நொசில் மாத்தின எண்டு சொன்னது ஆரு?" என்பதுதான். நொசில் இறுக்கியிருந்த இடத்தில் பழைய ஒயிலும் தூசியும் சேர்ந்து பாறைபோல் படிந்திருந்தது. ஸ்பனர் பட்ட அடையாளமே இல்லை. ஒன்றைக் கழற்றி, அடியில் இருந்த செம்பு வொஷரை என் உள்ளங்கையில் வைத்தார். கறுத்து, நசுங்கி, ஓரம் தேய்ந்துபோன வொஷர். "இஞ்ச பாருங்க தம்பி, நொசிலக் கழட்டினா இதப் புதுசாத்தான் போடணும். இது எத்தின வருசம் பழசு?"

அப்புறம் பம்பைக் காட்டினார். பம்பின் பின்பக்கம் டீசலின் அளவைக் கட்டுப்படுத்துகிற ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. கண்டவர்கள் திருப்பாமல் இருக்க அதற்குக் கம்பியும் சீலும் போட்டிருக்கும். எங்கள் பம்பில் அந்தக் கம்பி வெட்டப்பட்டிருந்தது. சுற்றிவர எல்லாம் கறுப்பு. அந்த ஸ்க்ரூவின் மரையில் மட்டும் ஒரு நகத்தளவு புதிதாக மினுங்கியது. அவ்வளவு தூரம் வெளியே எடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வாங்கிய காசுக்கு அந்தக் கராஜில் நடந்த ஒரே வேலை அதுதான். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடப் போகாது.

டீசல் குறைந்தால் புகை குறையும், அது உண்மை. ஆனால் இழுவையும் கூடவே போகும். புகைக்குக் காரணமான வியாதி அப்படியே உள்ளே கிடக்கும். எங்கள் லொறியின் வியாதி என்ன என்று நானா ஒவ்வொன்றாகக் காட்டினார். எயார் ஃபில்டரைத் திறந்தார். படுவான்கரைக் கிறவல் பாதையில் வயல் வயலாகப் போய் நெல் ஏற்றுகிற லொறி, ஃபில்டர் செங்கல் நிறத்தில் அடைத்துப்போய் இருந்தது. காற்றுப் போகாத எஞ்சினுக்குள் டீசல் ஒழுங்காக எரியாது, கறுப்புப் புகையாகத்தான் வரும். நொசில்களைச் சோதனை மேடையில் பூட்டிக் கைப்பிடியை அமத்தினார். இரண்டு நொசில் பனிப்புகார் மாதிரி விசிறின. மற்ற இரண்டும் துளித்துளியாக ஒழுகின. ஆக, மாற்ற வேண்டியது நாலு இல்லை, இரண்டு.

இரண்டு நொசில், செம்பு வொஷர்கள், புது ஃபில்டர், பம்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து சீல் போட்டது, கூலி. எல்லாமே முதல் கராஜ்காரன் வாங்கியதில் பாதிக்கும் குறைவு. கழற்றிய நொசில் இரண்டையும் கடதாசியில் சுற்றி, கேட்காமலே சீட்டில் வைத்துவிட்டார். சைலன்சர் பைப்பில் புகை இல்லை. லொறி இப்போது லுணுகலை ஏற்றத்தில் முன்புபோலவே இழுக்கிறது. டீசலைக் குறைக்காமலே பரிசோதனைக்குப் போயிருக்கலாம்.

நான் விசாரித்த அளவில் நாங்கள் மட்டும் இல்லை. ஒரு ஹயேஸ் வேன்காரருக்கும் இதே வேலை நடந்திருக்கிறது. அவர் ஆட்களை ஏற்றி ஓடுகிறவர். தட்டையான ஊருக்குள் ஓடுவதால் லொறி நின்றதுபோல வேன் நிற்கவில்லை, "பழசாகிட்டு, இழுவ குறைஞ்சி போச்சி" என்றே நினைத்திருக்கிறார். கரையோரம் மட்டும் ஓடுகிற எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டு ஓடுகிறார்களோ தெரியாது. ஃபிட்னஸ் சான்றிதழுக்கும் இதே மாதிரி, "வாகனம் வரத் தேவையில்ல, பேப்பரை அனுப்புங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக்கைப் பார்க்காமல் பிரேக் சரி என்று எழுதின தாளை நம்பி ஆட்களை ஏற்றாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? பரிசோதனைக்கு முன்னமே, லைசன்ஸ் முடிய ஒரு மாதமாவது இருக்கும்போது, தெரிந்த மெக்கானிக்கிடம் எயார் ஃபில்டரைக் காட்டுங்கள். பல நேரம் அங்கிருந்துதான் புகை தொடங்குகிறது, செலவும் குறைவு. எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி கொஞ்சத் தூரம் ஓடிவிட்டுப் போங்கள். மணிக்கணக்கில் ஸ்லோவில் விட்டு வைத்த எஞ்சின் முதல் மிதியில் உள்ளே இருக்கிற கரியைத்தான் கக்கும். அடிவரை மிதிக்கிற பரிசோதனை என்பதால் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் பெல்ட் மாற்றின காலத்தையும் பாருங்கள். ஃபெயில் ஆனால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வேலை செய்கிறவரிடம் அளவைக் காட்டலாம். நொசில் மாற்றச் சொன்னால் முதலில் சோதனை மேடையில் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பழையது கையில் வராமல் புதிதுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பில்லில் கராஜின் பெயர், விலாசம், வாகன இலக்கம், போட்ட சாமான் எல்லாம் இருக்க வேண்டும்.

பில்லின் அருமை எனக்கு முறைப்பாடு செய்யப் போனபோது தெரிந்தது. நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட முதல் சாமான் பில்தான். அந்தக் கொப்பித்தாளில் "நொசில் 4, பம்ப், கூலி" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. கராஜுக்கு நேரே போய்ப் பழைய நொசிலையும் வொஷரையும் மேசையில் வைத்தோம். "இது நம்மட வேல எண்டதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார்கள். காசு திரும்பவில்லை.

இந்த வருடம் இப்படி யாராவது உங்கள் வாகனத்தையும் "பாஸ் பண்ணித் தந்து", அதற்குப் பிறகு இழுவை குறைந்ததாகத் தெரிந்தால், பாரம் ஏற்றிக்கொண்டு பதுளைப் பக்கமோ மகியங்கனைப் பக்கமோ போக முன் பம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். டீசலின் அளவைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் இந்த ஸ்க்ரூ இல்லை, பழைய பம்ப் உள்ளவைதான் கவனம். கம்பி அறுந்து, மரை மினுங்கினால் நீங்களே திருப்பப் பார்க்க வேண்டாம். கூடினால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டனே போய்விடும். பம்ப் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். தொடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பில்லும் படமும் கையில் இருக்கிறவர்கள் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம்.