டைசல்ஃபிராம் மாத்திரை: குடியை விட்டவருக்குக் காவல், விடாதவருக்கு ஆபத்து

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் குடியை நிறுத்தணும் என்று பேச்செடுத்தாலே யாராவது இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். எஸ்பெரால், டைசோன் என்ற பெயர்களில் 250 மில்லிகிராமில் வருகிறது. நல்ல மருந்துதான். ஆனால் குடி ஆசையை இது துளியும் குறைக்காது. குடித்தால் என்ன ஆகும் என்ற பயத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது.

உள்ளே போன மதுவை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றும். அதை மேற்கொண்டு உடைக்கிற நொதியை டைசல்ஃபிராம் முடக்கிவிடும். அதனால் கொஞ்சம் குடித்தாலும் சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை பிளந்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் சரியும். உயிருக்கே ஆபத்தானதும் உண்டு. மாத்திரையை விட்டு இரண்டு வாரம் வரைக்கும் இது நடக்கலாம். 'இன்னைக்குப் போடல, நாளைக்குக் குடிக்கலாம்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

தினமும் குடிக்கிறவர் இதிலிருந்து தொடங்கவே கூடாது. திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றல். ஆஸ்பத்திரியில் இருந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் எடுத்து, அதைத் தாண்ட வேண்டும். முதல் மாத்திரை போடும்போது, கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். 24 மணி நேரம் விடுவது நல்லது. ஈரல் பரிசோதனை முன்பே ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. வழக்கமான அளவு நாளுக்கு ஒரு மாத்திரை. அதைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, வீட்டில் ஒருவர் கண்ணெதிரே குடிப்பதுதான் சிறந்த முறை. முழுசாகக் கொடுத்தால் நாக்கடியில் ஒதுக்கிவிட்டுப் பிறகு துப்பிவிடலாம். இந்த மேற்பார்வை இல்லாத வீட்டில் மாத்திரை பெரும்பாலும் தோற்றுப்போகிறது.

நம்ம பக்கம் கவனிக்க வேண்டியது, பாட்டில் சாராயத்தை விட மற்றவைதான். கள்ளிலும் அதே மதுதான் இருக்கிறது. வைத்தியசாலையில் தரும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களும் ஆசவங்களும் நொதிக்க வைத்துச் செய்பவை. 5 முதல் 10 சதவீதம் வரை மது இருக்கும். ஹோமியோ தாய்த் திரவம் (மதர் டிங்க்சர்), சில இருமல் சிரப்புகள், சவரத்துக்குப் பிறகு பூசும் லோஷன் எல்லாமே தொல்லை தரலாம். வயிற்றுப்போக்குக்குப் பலரும் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோலையும் இதோடு சேர்க்கக் கூடாது, புத்தி பேதலிக்கும்.

ஒன்னாம் தேதி கேரளத்தில் மதுக்கடை கிடையாது. வேலந்தாவளம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் டாஸ்மாக் திறந்திருக்கும். மாத்திரை எடுப்பவர் தடுமாறும் நாள் பெரும்பாலும் அதுபோன்ற நாள்தான். அன்றைய மாத்திரையைக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பது கொடுமையான தவறு. விஷயம் தெரியாமல் அவர் குடிப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். என்ன காரணம் என்று மருத்துவருக்கும் புரியாது. சம்மதித்து எடுப்பவரும் மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும்.

இதய நோய், முற்றிய ஈரல் நோய், மனநோய் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ, பாதம் மரத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் இருக்கின்றன. ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து மனநல மருத்துவர் தேர்ந்தெடுப்பார். எங்கே போவது என்று கேட்க கேரள கலால் துறையின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தி 14405, மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.