வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா?

சொந்தக் காரை வெள்ளை போர்டில் (சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட்டில்) எடுத்தால் ஆயுள் வரி, 15 வருடப் பதிவு, அதோடு வேலை முடிந்தது. வாடகைக்கு ஓட்டும் மஞ்சள் போர்டு என்றால் பெர்மிட் வேண்டும், முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒருமுறையும் அப்புறம் வருடா வருடமும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும், இன்சூரன்ஸும் கூடுதல்.

ஆனால் வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்குக் கணக்கே வேறு. வருமான வரியில் தொழிலுக்கு வைத்திருக்கும் சாதாரண காருக்குத் தேய்மானம் (வண்டி பழசாவதற்காக வருமானத்தில் வருடா வருடம் கழித்துக்கொள்ளும் தொகை) 15 சதவீதம்தான், வாடகைக்கு ஓடும் டாக்ஸிக்கு 30. ஜி.எஸ்.டி.யிலும் அப்படித்தான்: 13 பேர் வரை உட்காரும் வண்டியை ஆபீஸ் வேலைக்கு வாங்கினால் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.) பொதுவாகத் திரும்பக் கிடைக்காது, பயணிகளை ஏற்றும் தொழிலுக்கு வாங்கியிருந்தால் அதைக் கோர வழி இருக்கிறது (வாடகைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் வசூலிக்கும் முறையில் இருப்பவருக்கு இது பெரும்பாலும் பொருந்தாது, ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்).

வரிக்குப் பயந்து வெள்ளை போர்டை வாடகைக்கு விடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு, அதைவிட மோசம் விபத்து நடந்தால் தனியார் வண்டி பாலிசி வாடகை ஓட்டத்துக்குக் கைகொடுக்காது. குடும்பத்துக்கு மட்டும் என்றால் வெள்ளை, ஒரு சவாரியாவது காசுக்கு ஏற்றுவீர்கள் என்றால் மஞ்சள்.