ராபர்ட்சன் குக்ட் மீட் ஊடகம்: உலர்துகள் வடிவம்

கிளாஸ்கோவில் பிறந்த மியூரியல் ராபர்ட்சன், முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் புண்களிலிருந்து வாயு அழுகல் (gas gangrene) கிருமிகளைப் பிரித்து ஆராய்ந்தவர். லண்டனில் உள்ள லிஸ்டர் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்காரர். 1916-ல் அவர் வெளியிட்ட ஆய்வை ஒட்டியே வேகவைத்த இறைச்சியால் ஆன, ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் இந்த ஊடகத்துக்கு அவர் பெயர். நூறாண்டு கடந்தும் காற்றில்லாக் கிருமிகளை (ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளர்பவை) வளர்க்க இதைவிட எளிய வழி குறைவு. ஆக்சிஜனை நீக்கும் மூடிய ஜாடி வேண்டாம், அதில் போடும் வாயுப் பொட்டலம் வேண்டாம். இறைச்சியிலுள்ள குளூட்டாதயோனும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன.

10 மி.லி. நீருக்குச் சுமார் 1 கிராம் உலர் இறைச்சித் துகள். துல்லிய அளவு லேபிளில் இருக்கும். 15 நிமிடம் ஊறிய பிறகே ஆட்டோக்ளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்), 121 டிகிரியில் 15 நிமிடம். ஊறாத துகளின் நடுவில் கிருமிகளின் வித்துகள் (வெப்பம் தாங்கும் உறங்கு வடிவங்கள்) பிழைத்துவிடும். பிறகு "எல்லாக் குழாயிலும் வளர்ச்சி" என்று குழம்ப வேண்டியதுதான். முன்பே தயாரித்து வைத்த பழைய குழாயானால், உள்ளேறிய காற்றை வெளியேற்றக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, குலுக்காமல் ஆறவிடுங்கள். குலுக்கினால் காற்று திரும்ப ஏறும். மாதிரியை இறைச்சிப் படிவுக்குள்ளேயே இறக்குங்கள்.

கிளாஸ்ட்ரிடியம் என்ற காற்றில்லாக் கிருமி இனத்தில், பெர்ஃப்ரிஞ்சன்ஸ் இறைச்சியைச் சிவக்கவைக்கும், வாயுக் குமிழி எழும். ஸ்போரோஜெனஸ் கருக்கவைத்துக் கரைக்கும். நாற்றம் மூடியைத் திறக்கும் முன்பே வந்துவிடும்!

குறை ஒன்று: கலப்பு மாதிரியில் எல்லாமே சேர்ந்து வளரும். அகாரில் (கூழ் போன்ற திட ஊடகம்) கோடிழுத்து, ஒவ்வொரு கிருமியையும் தனியே பிரிக்காமல் முடிவு எழுதாதீர்கள்.