அல்ஜீரியாவும் துனீசியாவும்: பக்கத்து வீடுகள், வேறு வேறு கணக்கு

பரப்பில் ஒப்பீடே இல்லை. அல்ஜீரியா 23,81,741 சதுர கிலோமீட்டர். 2011-ல் சூடான் இரண்டாகப் பிரிந்தபின் ஆப்பிரிக்காவிலேயே பெரிய நாடு. துனீசியா 1,63,610தான்.

இரண்டையும் பிரான்ஸ் ஆண்டது. ஆண்ட விதம்தான் வேறு. அல்ஜீரியாவில் 1830-ல் நுழைந்து, 1848-ல் அதைத் தன் மாவட்டங்களாகவே சேர்த்துக்கொண்டது. சொந்த மண் என்று அறிவித்ததை எளிதில் விடுவார்களா? 1954 முதல் 1962 வரை கொடூரமான போர். துனீசியா 1881-ல் 'பாதுகாப்பு நாடு' ஆனது. மன்னர் பெயரளவுக்கு இருந்தார், அதிகாரம் பிரான்சிடம். அங்கே விடுதலை இயக்கத்தை நடத்திய பூர்கிபா தலைமையில் பெரும்பாலும் பேச்சுவார்த்தையால் 1956 மார்ச் 20-ல் விடுதலை கிடைத்தது.

வருமானம்: அல்ஜீரியா எண்ணெயையும் எரிவாயுவையும் நம்பியிருக்கிறது. துனீசியாவுக்கு ஆலிவ் எண்ணெய், சுற்றுலா, பாஸ்பேட்.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது பணத்தில்தான். இரண்டு நாட்டிலும் தினார் என்றே பெயர், ஒன்று மற்றதில் செல்லாது. துனீசிய தினாருக்கு 1000 மில்லிம். பில்லில் '2,500' என்றிருந்தால் இரண்டரை தினார். அல்ஜீரியாவில் தினாருக்கு 100 சென்டிம். சென்டிம் நாணயம் புழக்கத்தில் இல்லாவிட்டாலும் கடைக்காரர் வாயில் கணக்கு அதில்தான். 'பத்தாயிரம்' என்றால் பெரும்பாலும் 100 தினார். சந்தேகமிருந்தால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

வார விடுமுறையும் மாறும்: அல்ஜீரியாவில் வெள்ளி, சனி, துனீசியாவில் சனி, ஞாயிறு. இரு நாட்டு அலுவலகங்களிலும் வேலை இருந்தால் திங்கள் முதல் வியாழன் வரை வைத்துக்கொள்ளுங்கள்.