அட்லாண்டா விமான நிலையம்: பொரித்த கோழியா, கீரைத் தட்டா?

அட்லாண்டாவில் இரண்டு முறை விமானம் மாறியிருக்கிறேன். இரண்டு முறையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. இரண்டு முறையும் அமெரிக்கத் தென்மாநிலச் சாப்பாடு. முதல் முறை பொரித்த கோழி. அடுத்த முறை கோழியை விட்டுவிட்டு, அதற்குத் துணையாக வைப்பவற்றை மட்டும் ஒரு தட்டு நிறைய வாங்கினேன்: காலர்ட் கீரை, காராமணி, மக்ரோனி சீஸ், சோள ரொட்டி. இனி அந்த வழியாகப் போனால் எனக்குக் கீரைத் தட்டுதான்.

விலையிலும் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எதை வாங்கினாலும் வயிறு நிறைந்துவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: சமைத்து இறக்கிய பிறகு அந்தப் பண்டம் எவ்வளவு நேரம் தாங்கும்? 2023இல் மட்டும் 10 கோடிப் பேருக்கு மேல் கடந்துபோன விமான நிலையம் அது. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பொரித்துக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டியே பொரித்து, சூட்டு விளக்கின் கீழ் வைக்கிறார்கள். கோழிக்குள் இருக்கும் ஆவி மெல்ல வெளியேறி மேல்மாவை நனைக்கிறது. என் தட்டில் இருந்த தொடைத்துண்டில் முள்கரண்டியை வைத்ததுமே மாவு முழுவதும் ஈரச் சட்டைபோலக் கழன்று வந்துவிட்டது. உள்ளே இறைச்சி அருமை. உப்பும் மிளகும் எலும்புவரை இறங்கியிருந்தன. ஆனால் மொறுமொறுப்புப் போன பிறகு பொரித்த கோழியில் பாதி போய்விட்டது.

கீரை இதற்கு நேர்மாறு. புகையூட்டிய பன்றிக்கால் அல்லது வான்கோழித் துண்டோடு அது மணிக்கணக்கில் வேக வேண்டியது. சூட்டில் கிடக்கக் கிடக்க இலையின் கசப்பு தணிந்து, புகைமணம் உள்ளே ஏறுகிறது. நம் வீட்டில் மறுநாள் மீன்குழம்பு ருசிப்பதுபோலத்தான். அடியில் தேங்கும் சாற்றுக்கு 'பாட் லிக்கர்' என்று தனிப்பெயரே உண்டு. அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் அடுப்படியில் வளர்ந்த சமையல் இது. சத்தெல்லாம் அந்தச் சாற்றில்தான் என்று அறிந்தவர்கள் அவர்கள். என் சோள ரொட்டியும் காய்ந்துதான் போயிருந்தது. ஆனால் அதன் ஓரத்தைப் பிய்த்துச் சாற்றில் தோய்த்தபோது, காய்ந்திருந்ததே நல்லதாகிவிட்டது. மக்ரோனி பரவாயில்லை ரகம்.

கோழிக்கு உரியதையும் சொல்ல வேண்டும். விமானம் ஏற அழைத்துவிட்டால் கீரைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட முடியாது; கோழி சாண்ட்விச்சைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அட்லாண்டாவில் 1947இல் பாஸ்கல் சகோதரர்கள் கடை தொடங்கியபோது, வீட்டில் பொரித்த கோழியை டாக்சியில்தான் கடைக்கு அனுப்பினார்கள். மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்ட கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத் தலைவர்கள் கூடிப் பேசிய இடமாகப் பின்னாளில் புகழ்பெற்றது அந்த உணவகம். நான் நமுத்த கோழி தின்றது வேறு இடத்தில். ஆகவே கோழி பயணம் தாங்காது என்று சொல்லவில்லை. விளக்கின் கீழ் நெடுநேரம் காத்திருப்பதைத் தாங்காது என்கிறேன். அதுவும் ஒரே ஒரு தட்டை, மாலை நான்கு மணிக்குச் சாப்பிட்டு வந்த முடிவு. மதியக் கூட்டத்தில், சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு கிடைத்தால் நானே மனம் மாறக்கூடும்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீரையிலும் காராமணியிலும் பெரும்பாலும் இறைச்சி கலந்திருக்கும். பட்டியலில் 'காய்கறித் தட்டு' என்று எழுதியிருந்தாலும் கேட்டுவிட்டே வாங்குங்கள். மற்றவர்கள் கீரையைச் சாற்றோடு கேளுங்கள். எனக்குப் பரிமாறிய அம்மா ஜல்லிக்கரண்டியால் வடித்துத்தான் முதலில் வைத்தார். சாறு வேண்டும் என்றதும் சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் கிண்ணம் நிறைய ஊற்றித் தந்தார்.